பல் பிடுங்கிய இடம் ஆறவில்லை, தொற்று அடங்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் எடுத்தவர்களுக்கு மறுநாளும் அடுத்த வாரமும் போன் செய்து எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது என் வேலையில் ஒரு பகுதி. கேட்கிறவர் மாறுவார், கேள்வி மாறாது. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பல் மருத்துவர்களிடமிருந்து தெரிந்துகொண்ட பதில்களைக் கீழே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் வாயைத் திறந்து பார்த்த டாக்டர் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமப்படுகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

1. பல் எடுத்து நாலு நாள் ஆகுது, இன்னும் வலிக்குது. இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சா?

வலி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பாருங்கள். ஒழுங்காக ஆறுகிற புண்ணில் வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு வடியத் தொடங்கும். வலியும் அதையொட்டியே குறையும். நாலாம் நாளில் கொஞ்சம் வலி மிச்சமிருப்பதில் தவறில்லை. நேற்றைவிட இன்று குறைவு என்றால் போதும். எலும்பைக் குடைந்து எடுத்த ஞானப்பல் என்றால் ஒரு வாரம், பத்து நாள்கூட இழுக்கும்.

முதல் இரண்டு நாள் பரவாயில்லாமல் இருந்து, மூன்றாம் நாளுக்கு மேல் வலி ஏறினால், அல்லது வடிந்த வீக்கம் மறுபடி தலைதூக்கினால், டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாம் நாள் கணக்கு கீழேயும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. குழிக்குள்ள வெள்ளையா, மஞ்சளா ஏதோ படிஞ்சிருக்கு. சீழா?

பெரும்பாலும் இல்லை. பல் இருந்த குழியில் முதலில் ரத்தம் உறையும். ஓரிரு நாளில் அதன்மேல் ஃபைப்ரின் என்ற புரதம் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ படியும். வாய்க்குள் எப்போதும் ஈரம் என்பதால், தோலில் வருகிற மாதிரி காய்ந்த பொருக்கு இங்கே வராது. அதன் இடத்தில் இந்தப் படிவுதான் இருக்கும். அப்புறம் அடியிலிருந்து சிவப்பாகப் புதுத் திசு வளர்ந்து, மூன்று நாலு வாரத்தில் ஈறு மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்காகும்.

சீழ் இப்படி ஒட்டிக்கொண்டு நிற்காது, கசியும். வாயில் ஒரு கெட்ட சுவை வந்துகொண்டே இருக்கும், கூடவே வலியும் வீக்கமும் இருக்கும். எதுவானாலும் குச்சியாலோ பிரஷ்ஷாலோ சுரண்டிப் பார்க்காதீர்கள். உறைந்த ரத்தம் பெயர்ந்தால் அடுத்த கேள்வியில் வருகிற தொல்லையை நீங்களே வரவழைத்துக்கொண்டதாகிவிடும்.

3. டிரை சாக்கெட்னு சொல்றாங்களே, அதுவும் இன்ஃபெக்‌ஷனும் ஒண்ணா?

வேறு வேறு. குழியில் உறைந்த ரத்தம் கரைந்தோ பெயர்ந்தோ போய், அடியிலிருக்கும் எலும்பு திறந்து கிடப்பதுதான் டிரை சாக்கெட். பல் எடுத்த இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் வலி திடீரென்று ஏறும். விண் விண்ணென்று தெறித்துக் காது வரை போகும், வழக்கமான வலி மாத்திரைக்கு மசியாது. நாற்றமும் இருக்கும். ஆனால் சீழ், காய்ச்சல், பெரிய வீக்கம் இருக்காது. சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வரும். கீழ் ஞானப்பல்லில் பல மடங்கு அதிகம். புகை பிடிப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும், பல்லை எடுக்கவே பெரும்பாடு பட்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

சிகிச்சையும் வேறு. குழியைக் கழுவி, வலியடக்கும் மருந்து தோய்த்த துணியையோ பசையையோ வைப்பார்கள். பலருக்கு அன்றைக்கே நிம்மதி கிடைத்துவிடும். ஏழிலிருந்து பத்து நாளில் அடங்கும். ஆன்டிபயாடிக் இதற்கான மருந்து அல்ல. உள்ளே வைத்தது தானாகக் கரைவதா, திரும்பி வந்து எடுக்க வேண்டியதா என்று அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். எடுக்காமல் மறந்துபோன துணியே பின்னால் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

4. அப்போ நிஜமான தொற்றுன்னா எப்படித் தெரியும்?

மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடுகிற வீக்கம். தொட்டால் சூடாக, இறுகலாக இருக்கும். அழுத்தினால் சீழ் கசியும், அல்லது தானாகவே வாயில் வந்து விழும். தாடைக்கு அடியில் நெறி கட்டும். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வாயைத் திறப்பது நாளுக்கு நாள் கடினமாகும். கீழ் ஞானப்பல் எடுத்த முதல் சில நாள் வாய் சரியாகத் திறக்காதது இயல்புதான். திறந்துகொண்டிருந்த வாய் மறுபடி இறுகினால் இயல்பில்லை.

காய்ச்சல் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் வலியோடு சேர்த்துக் காய்ச்சலையும் இறக்கிவிடும். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, காய்ச்சலே இல்லை என்று நினைக்காதீர்கள். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால் பாருங்கள்.

5. எதைப் பார்த்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, மூச்சுத் திணறல், குரல் கம்முவது, நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் இரண்டு பக்கமும் கட்டையாக வீங்குவது, வீக்கம் கழுத்துக்கு இறங்குவது அல்லது கண்ணை மூடும் அளவுக்கு ஏறுவது, குளிர் நடுக்கத்தோடு கடும் காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, பேச்சில் குழப்பம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரின் நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது. ராத்திரி என்றாலும் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாக்கடியில் பரவும் அந்த வகைத் தொற்றுக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்தார். பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பற்களிலிருந்துதான் தொடங்கும். நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்பதுதான் ஆபத்து, அதுவும் சில மணி நேரத்துக்குள். அபூர்வம்தான், ஆனால் வீட்டில் உட்கார்ந்து பொறுத்துப் பார்க்கிற விஷயம் அல்ல.

6. வாய் நாத்தம் மட்டும்தான் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. பயப்படணுமா?

வலியும் குறைந்து, வீக்கமும் இல்லை என்றால் பயம் வேண்டாம். குழியில் தேங்கும் உணவுத் துணுக்கும் பழைய ரத்தமும் நாறும். பயந்துகொண்டு பல் தேய்க்காமல் இருப்பதும் ஒரு காரணம். மற்ற பற்களை வழக்கம்போலத் தேய்க்க வேண்டும். புண்ணின் ஓரத்தை மட்டும் மெதுவாக. இரண்டு வாரம் தாண்டியும் நாற்றம் போகவில்லை என்றால் காட்டிவிடுங்கள்.

7. உப்புத் தண்ணி கொப்பளிச்சா போதாதா?

சுத்தமாக வைத்துக்கொள்ள அது போதும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பிறகெல்லாம். முதல் 24 மணி நேரம் எதையும் கொப்பளிக்கக் கூடாது, குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். அதற்குப் பிறகும் வேகமாகக் குலுக்கித் துப்பாமல், தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் புண் பக்கம் நிறுத்தி, குனிந்து தானாக விழ விடுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்தால் குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பானும் பயன்படுத்தலாம்.

ஆனால் நாலாம் கேள்வியில் சொன்ன அறிகுறிகள் வந்துவிட்டால் உப்புத் தண்ணீரை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். உள்ளே தங்கிய சீழை மேலே நனைக்கிற தண்ணீர் எட்டாது.

8. போன தடவை வாங்கின ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை மிச்சம் இருக்கு. இப்போதைக்குப் போட்டுக்கலாமா?

வேண்டாம். நாலு மாத்திரையில் வீக்கம் லேசாக அடங்கி, டாக்டரிடம் போவது ஒரு வாரம் தள்ளிப்போகும். அந்த ஒரு வாரத்தில் உள்ளே இருப்பது கூடும். வலி டிரை சாக்கெட்டால் என்றால் மாத்திரை வீண். முன்பு எழுதிய மருந்து இந்தக் கிருமிக்குப் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

பல் தொற்றுக்கு அடிக்கடி எழுதுவது அமாக்ஸிசிலின். சில சமயம் கூடவே மெட்ரோனிடசோல். பென்சிலின் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு அமாக்ஸிசிலினும் ஆகாது, முன்பே சொல்லிவிட வேண்டும். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களிலும் அது முடிந்து சில நாளுக்கும் மது கூடாது. ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ரோனிடசோல் ரத்தப்போக்கை அதிகமாக்கும். இதனால்தான் எல்லா மருந்துகளின் பட்டியலையும் டாக்டர் கேட்கிறார். சலித்துக்கொள்ளாமல் கொடுங்கள்.

9. மாத்திரை சாப்பிடும்போது சரியாகுது. நிறுத்தி ஒரு வாரத்துல திரும்ப வீங்குது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைக்க முடியும் என்றால் இதைத்தான் வைப்பேன். மருந்து ரத்தத்தோடுதான் போகிறது. ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்குள் அது போதிய அளவு நுழையாது. செத்த எலும்புச் சில்லு, விட்டுப்போன வேர்த் துண்டு, சீழ் கட்டிய பை, இவற்றில் எதற்கும் உள்ளே ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை சுற்றிலும் உள்ள கிருமிகளை அடக்கும், வீக்கம் வடியும், நாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம். மாத்திரை நின்றதும் உள்ளே ஒதுங்கியிருந்தவை மறுபடி பெருகும். முள்ளை எடுக்காமல் மேலே களிம்பு தடவுகிற கதைதான்.

அந்த முள் எதுவாக இருக்கலாம்? வேர் நுனி முறிந்து உள்ளே நின்றிருக்கலாம். எலும்பின் ஓரச் சில்லு ஒன்று உயிரிழந்து கிடக்கலாம். எடுத்த பல்லின் வேர் நுனியில் முன்பே இருந்த கட்டியோ நீர்ப்பையோ முழுதாகச் சுரண்டப்படாமல் தங்கியிருக்கலாம். கிழித்துத் தைத்த ஈறுக்கு அடியில் உணவுத் துணுக்கு போய் மாட்டியிருக்கலாம். மேல் தாடை என்றால் சைனஸோடு, அதாவது கன்ன எலும்புக்குள் மூக்கோடு சேர்ந்திருக்கும் காற்றறையோடு, துளை விழுந்திருக்கலாம். சில நேரம் குற்றவாளி எடுத்த பல்லே இல்லை, பக்கத்துப் பல். நரம்பு செத்த பக்கத்துப் பல்லிலிருந்து வரும் சீழ், திறந்திருக்கும் குழி வழியாக வெளியே வரும். பல் எடுத்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயன் இருக்காது.

ஆகவே ஒரு கோர்ஸ் முடித்தும் திரும்ப வந்துவிட்டால், வேறு மாத்திரை கேட்காதீர்கள். "உள்ளே என்ன இருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். காரணம் தெரிந்தால், மரக்கவைக்கும் ஊசி போட்டுக் குழியைத் திறந்து சுத்தம் செய்வதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். காரணம் தெரியாமல் மூன்று, நாலு தடவை மருந்தை மாற்றி மாற்றிச் சாப்பிட்டவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

10. வேர்த் துண்டை உள்ளேயே விட்டுட்டாங்களாம். இது தப்பு இல்லையா?

எப்போதும் தப்பு என்று சொல்ல முடியாது. துண்டு சில மில்லிமீட்டர் அளவுதான், அதில் தொற்று இல்லை, ஆனால் அதைத் தோண்டினால் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்போ சைனஸோ அடிபடும் என்ற நிலையில், விட்டுவிடுவதே நல்லது என்று டாக்டர் முடிவெடுப்பார். கீழ் ஞானப்பல் நரம்பை ஒட்டி இருந்தால், தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரைத் திட்டமிட்டே விடுகிற சிகிச்சை முறையும் உண்டு. பலருக்கு அப்படி விட்ட வேர் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும்.

விட்டதை உங்களிடம் சொல்ல வேண்டும், கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். அது டாக்டரின் கடமை. முதலிலேயே சீழ் பிடித்திருந்த பல்லின் வேர் என்றாலோ, பின்னால் தொற்று வந்தாலோ, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

11. ஈறிலிருந்து கூரா ஏதோ குத்துது. பல் துண்டா?

எலும்புச் சில்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பல் வெளியே வரும்போது குழியின் விளிம்பு சற்று நொறுங்கும். உயிரிழந்த துணுக்குகளை உடம்பு மெல்ல வெளியே தள்ளும், வாரங்கள் கழித்துக்கூட. சின்னதென்றால் தானாக விழும். நாக்கில் உரசிப் புண்ணாக்கினால் டாக்டர் நொடியில் எடுத்துவிடுவார். நீங்களே இடுக்கியைத் தேடாதீர்கள். சில்லைச் சுற்றிச் சீழ் இருந்தால் 9-ஆம் கேள்வியின் கணக்கில் சேரும்.

12. எல்லாம் ஆறி ஒரு மாசம் ஆச்சு, திடீர்னு கன்னம் வீங்குது. இவ்வளவு நாள் கழிச்சும் வருமா?

வரும். கீழ் ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்தவர்களிடம் இது தெரிந்த விஷயம்தான். மேலே ஈறு மூடிக்கொள்ளும், உள்ளே குழி இன்னும் நிரம்பியிருக்காது. அதற்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லை ஒட்டிய சின்ன இடைவெளி வழியாக உணவு இறங்கித் தங்கும். மூன்று, நாலு வாரம் கழித்து, சிலருக்கு அதற்கும் மேல், ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கியிருக்கும். திறந்து கழுவிச் சுரண்டினால் பெரும்பாலும் ஒரே தடவையில் தீரும், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் சேரும்.

13. மேல் கடைவாய்ப் பல் எடுத்தேன். தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. இதுவும் தொற்றா?

இது துளை. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கும் கன்னத்து சைனஸுக்கும் நடுவே இருக்கும் எலும்பு பலருக்கு மிக மெல்லியது. பல்லோடு அதில் ஒரு பகுதி வந்துவிட்டால் வாய்க்கும் சைனஸுக்கும் வழி உண்டாகிறது. தண்ணீர் மூக்கில் வரும், குழிக்குள் காற்று போகிற மாதிரி இருக்கும், குரல்கூட மாறும்.

2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் துளை தானாக மூடிக்கொள்ளும், மூக்கைச் சிந்தாமல், ஸ்ட்ரா உறிஞ்சாமல், தும்மலை வாய் திறந்து விட்டால். பெரியதென்றால் ஈறை இழுத்துத் தைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் வாய்க் கிருமிகள் மேலே ஏறி, அந்தப் பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி, கன்ன பாரம், குனிந்தால் வலி என்று சைனஸ் தொற்றாகும். ஒரு பக்கம் மட்டும் விடாமல் நாறும் சளி இருந்தால் பல் எடுத்த விவரத்தை மூக்கு டாக்டரிடமும் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் சாதாரண சைனஸ் என்றே சிகிச்சை நடக்கும்.

14. இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போதே பல்லைப் பிடுங்கினாங்க. அதனாலதான் பரவுச்சா?

இந்த நம்பிக்கை மிகப் பழையது, போன் பேச்சில் பாதி நேரத்தை இதுவே எடுத்துக்கொள்ளும். தொற்றின் ஊற்று அந்தப் பல்தான். அதை எடுப்பதும் சீழை வெளியேற்றுவதும்தான் சிகிச்சை. தள்ளிப்போட்டால்தான் பரவும் வாய்ப்பு அதிகம். பிறகு ஏன் சில டாக்டர்கள் முதலில் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள்? சீழ் பிடித்த இடத்தில் மரக்கும் ஊசி சரியாக வேலை செய்யாது, வாயும் திறக்காது. அதற்காகத்தான் சில நாள் பொறுக்கிறார்கள். பல் எடுத்த பிறகு பரவியது என்றால், எடுப்பதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்தது அல்லது உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

15. எலும்புக்குள்ள போயிடுமா?

போகலாம், ஆனால் நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு அபூர்வம். கீழ்த் தாடையில்தான் அதிகம், காரணம் அதற்கு மேல் தாடையைவிட ரத்த ஓட்டம் குறைவு. ஆழத்தில் குடைகிற வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், பக்கத்துப் பற்கள் ஆடுவது, ஈறிலோ தோலிலோ துளைவிட்டுச் சீழ் வடிவது, கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது ஆகியவை அறிகுறிகள்.

மரப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல் எடுத்த அன்று போட்ட ஊசியிலிருந்தே உணர்ச்சி திரும்பவில்லை என்றால் நரம்பு நசுங்கியிருக்கலாம், பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ மெல்லத் திரும்பும். டாக்டரிடம் சொல்லிவைக்க வேண்டும். உணர்ச்சி சரியாக இருந்து, நாட்கள் கழித்து வலியோடு மரப்பு வந்தால், அது எலும்புக்குள் ஏதோ நடப்பதன் அடையாளம், தாமதிக்கக் கூடாது.

எலும்புத் தொற்றுக்கு ஐந்து நாள் கோர்ஸ் போதாது. சீழை எடுத்துக் கல்ச்சர் செய்து, அதாவது கிருமியை வளர்த்து எதுவென்று கண்டுபிடித்து, பொருந்தும் மருந்தை வாரக்கணக்கில் கொடுத்து, செத்த எலும்பையும் நீக்குவார்கள். ஆக்டினோமைசெஸ் என்ற கிருமி என்றால் மாதக்கணக்கில் ஆகும். தாடையோரம் கட்டை போன்ற வீக்கமும், தோலில் ஒன்று மூடினால் இன்னொன்று திறக்கும் துளைகளும் அதற்கு அடையாளம்.

16. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு சொல்றாங்க, ஆனா வலி போகல. நான் கற்பனை பண்றேனா?

இல்லை. சாதாரண எக்ஸ்ரேக்கு எல்லைகள் உண்டு. எலும்பின் தாதுச்சத்து கணிசமாகக் கரைந்த பிறகுதான் படத்தில் மாற்றம் தெரியும். எலும்புத் தொற்று தொடங்கி முதல் இரண்டு, மூன்று வாரம் படம் சுத்தமாகவே இருக்கலாம். படமும் ஒரே கோணத்தில் எடுத்தது, துண்டு பல்லின் நிழலில் மறைந்துகொள்ளும். அறிகுறி வலுவாக இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள், அல்லது முப்பரிமாண ஸ்கேன் எடுப்பார்கள்.

அதிலும் ஒன்றும் இல்லை என்றால் தொற்றைத் தாண்டி யோசிக்க வேண்டும். நீண்ட நேரம் வாயைத் திறந்து வைத்ததில் தாடை மூட்டும் தசையும் பிடித்துக்கொள்ளலாம். பக்கத்துப் பல்லில் விரிசல் இருக்கலாம். நரம்பே வலியைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கலாம். எரிச்சலாக, மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கும் அந்த வலிக்கு நரம்பு வலி மருந்துதான் வேண்டும், ஆன்டிபயாடிக்கோ இன்னொரு பல் பிடுங்கலோ அல்ல. வலிக்கிற திசையில் ஒவ்வொரு பல்லாக எடுத்துக்கொண்டே போனவர்கள் உண்டு, வலி மட்டும் அப்படியே இருக்கும்.

17. எனக்குச் சர்க்கரை இருக்கு. அதான் ஆறலையா?

கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், ஆமாம், ஆறுவது தாமதமாகும், தொற்றும் எளிதில் பிடிக்கும். இது இருவழிப் பாதை. தொற்று இருக்கும்போது சர்க்கரை தானே ஏறும். வழக்கமான உணவு, வழக்கமான மருந்து, ஆனாலும் அளவு எகிறுகிறது என்றால், உள்ளே தொற்று அடங்கவில்லை என்பதற்கு அதையே ஒரு குறியாக எடுத்துக்கொள்ளலாம். வாய் வலியில் சாப்பிடாமல் இன்சுலினை மட்டும் போட்டுக்கொண்டு மயங்கி விழுவதும் நடக்கிறது. இரண்டு டாக்டர்களிடமும் பேசி அளவைச் சரிசெய்யுங்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்குப் புண் மற்றவர்களைப் போலத்தான் ஆறும். அவர்கள் எல்லாப் பழியையும் சர்க்கரைமேல் போட்டுவிட்டு 9-ஆம் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது.

18. எலும்பு தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடறேன். பல் எடுத்த இடத்துல எலும்பு வெளியே தெரியுது. சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்ற மருந்துகள் எலும்பு புதுப்பிக்கப்படும் வேகத்தைக் குறைக்கின்றன. பல் எடுத்த காயம் ஆறாமல், தாடையெலும்பு எட்டு வாரத்துக்கு மேல் திறந்து கிடந்தால் மருந்தால் வந்த எலும்புச் சிதைவு என்று சந்தேகிப்பார்கள். எலும்பு தேய்மானத்துக்கான அளவில் எடுப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு. புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக அதிக அளவில் ஊசி போடுகிறவர்களுக்குத்தான் கூடுதல். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கும், வருஷங்கள் கழிந்திருந்தாலும், இதே மாதிரி சிக்கல் வரும்.

இதைப் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். டெனோசுமாபைத் திடீரென்று விட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் உண்டு. மருந்து எழுதிய டாக்டரும் வாய், தாடை அறுவை நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

19. வாயில ஒண்ணும் தெரியல. ஆனா மூணு வாரமா லேசா காய்ச்சல் வந்து வந்து போகுது.

செயற்கை இதய வால்வு இருப்பவர்கள், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் கோளாறு உள்ளவர்கள், இதை இதய டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். வாய்க் கிருமி ரத்தம் வழியாக வால்வில் போய் ஒட்டியிருக்கலாம். ரத்தத்தைக் கல்ச்சருக்குக் கொடுக்கும் முன் ஆன்டிபயாடிக் எதையும் போடாதீர்கள், கிருமி பிடிபடாமல் போய்விடும். மற்றவர்களும் பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத காய்ச்சலாகவும் இருக்கலாம்.

20. ரெண்டு மாசமா குழி மூடவே இல்ல. புற்றுநோயா இருக்குமோ?

பெரும்பாலும் மேலே சொன்ன காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேள்வி நியாயமானது. குழியிலிருந்து சதை வளர்ந்து வெளியே வருவது, தொட்டாலே ரத்தம் கசிவது, ஓரம் தடித்து இறுகுவது, கழுத்தில் வலியில்லாத கட்டி, காரணமில்லாத மரப்பு என்றால் திசுவை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பல் ஆடியதே உள்ளே வளர்ந்த கட்டியால்தான் என்று, பல்லை எடுத்த பிறகு தெரியவந்தவர்கள் உண்டு. நன்றாகச் சுத்தம் செய்த பிறகும் இரண்டு, மூன்று வாரத்தில் ஆறுவதற்கான அடையாளமே இல்லை என்றால், பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்கலாம். புகையிலைப் பழக்கம் இருப்பவர்கள் கூச்சப்படாமல் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

21. பல் எடுத்த அதே டாக்டர்கிட்ட போகணுமா, வேற ஆளைப் பார்க்கணுமா?

முதலில் அவரிடமே போங்கள். எந்த வேர் முறிந்தது, எங்கே எலும்பைக் குடைந்தார், தையல் எது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் பார்த்தும் இரண்டு தடவை திரும்ப வந்துவிட்டால், வாய், தாடை அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. போகும்போது பல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்கள், சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் பெயர், எத்தனை நாள், நிறுத்திய எத்தனையாவது நாளில் திரும்ப வந்தது என்ற விவரம், மற்ற நோய்களுக்கான மருந்துகள் எல்லாம் கையில் இருக்கட்டும். வீங்கியிருக்கும் நாளில் முகத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கிற நாளில் வீக்கம் வடிந்து போயிருப்பது வழக்கம்.

22. இது ஆறினதும் அங்கே இம்பிளான்ட் வைக்கலாமா?

எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்தானே, வைக்கலாம். தொற்று முழுதாக அடங்கி, எலும்பு நிரம்பியிருப்பது படத்தில் தெரிய வேண்டும். சுத்தம் செய்த பிறகு சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள். சீழ் அரித்ததில் எலும்பு குறைந்திருந்தால் எலும்புத் துகள் வைத்து நிரப்பிய பின் பார்ப்பார்கள். அந்தத் துகளில் ஒன்றிரண்டு மணல் மாதிரி வாயில் வந்தால் பதற வேண்டாம். தொடர்ந்து கொட்டினால் போன் செய்யுங்கள்.